‘அதிகத் தீனி’ என்று நான் போட்ட டிக்

எங்கள் பழைய கடை ஆட்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. போன வாரம் அதில் ஒருவன் எழுதியிருந்தான். ‘பிச்சைமுத்து அண்ணன் ஒரு வில்லாவில் வெள்ளைப்புள்ளி நோயைப் பதினெட்டு நாளில் குணப்படுத்தினார், ஒரு மீன்கூடச் சாகவில்லை. இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு அந்த வித்தை வருமா?’ அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டும் படங்கள்.

பொய். அந்தப் பிச்சைமுத்து நான்தான். எட்டு மீன் செத்தது. மீனை விட்டுத்தள்ளுங்கள். அந்த வீட்டில் ஒன்பது வருடம் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு அந்த வீடு போனது. போக வைத்தவன் நான். கைதட்டியவர்களில் இரண்டு பேருக்கு அது தெரியும். தெரிந்தேதான் தட்டினார்கள். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுத வரும்.

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து போனவன் நான். துபாயில் இருபத்திரண்டு வருடம் மீன்தொட்டி சர்வீஸ் பார்த்தேன். விசாவில் ‘ஹெல்ப்பர்’ என்று போட்டிருந்தது. கட்டட வேலை என்று நினைத்துப் போனேன். மீன் கடை வாசலில் இறக்கிவிட்டார்கள். இரண்டு வருடம் கல் கழுவினேன், தொட்டி தூக்கினேன், ஃபில்டர் பஞ்சு பிழிந்தேன், திட்டு வாங்கினேன். மூன்றாம் வருடம் வேனில் ஏற்றினார்கள். பயிற்சி அவ்வளவுதான்.

மிச்ச வருடங்கள் எல்லாம் ஒரே நாள் மாதிரி. காலை ஆறரைக்கு சத்வாவில் இருந்த எங்கள் அறையிலிருந்து கிளம்பினால் ஒரு நாளைக்கு ஏழு வீடு, எட்டு வீடு. பள்ளிக்கூடம் மூடியதும் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் காலி வீடுகளுக்குத்தான் போவோம். சோபாவில் துணி போர்த்தியிருக்கும். யாருக்காகவோ ஏசி ஓடிக்கொண்டிருக்கும். தொட்டியில் மட்டும் விளக்கு. வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டுப் போய்விடுவான். நான் கையைத் தண்ணீருக்குள் விட்டு முக்கால் மணி நேரம் கண்ணாடி துடைப்பேன். அறைக்கு வந்து ‘உப்பு எங்கடா இருக்கு’ என்று கேட்பதுதான் அன்றைக்கு என் வாயிலிருந்து வரும் முதல் தமிழாக இருக்கும். அப்படி எத்தனை நாள் என்று நான் எண்ணவில்லை.

எனக்கு மேல் இருந்தவர் ரஃபீக் பாய். பங்களாதேஷில் சிட்டகாங்காரர். கடைக்குப் பின்னால் நோய் மீன்களை வைக்கிற அறை அவர் பொறுப்பு. ஒல்லியான ஆள், சத்தம் போட மாட்டார். நோய்த் தொட்டி வந்தால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். ஒரே ஒரு மீனைத் தேர்ந்தெடுத்து, அதன் செவுள் ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை அடிக்கிறது என்று எண்ணுவார். அந்த ஒரு நிமிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது. மேனேஜரே வந்தாலும் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். எண்ணி முடித்ததும் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஒரே கேள்வி கேட்பார். என்ன மருந்து போட்டாய் என்று கேட்க மாட்டார். ‘இதுக்கு முன்னாடி எந்த வீடு?’ என்று கேட்பார். இந்தியில்தான் கேட்பார், நான் தமிழில் எழுதுகிறேன்.

அதற்குக் காரணம் இருந்தது. மீனின் நோய் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகிறது. புது மீனோடு வரும், இல்லையென்றால் ஈர வலையோடு வரும். அதனால் வேனுக்கு மூன்று வலை என்பது அவர் சட்டம். ஒன்று கையில், ஒன்று கெட்டியான உப்புத் தண்ணீரில், ஒன்று வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில். துபாய் வெயிலில் வேனுக்குள் வலை காய்ந்து முறுமுறுவென்று ஆகிவிடும். எந்தப் பூச்சியும் பிழைக்காது.

ஆபீசுக்கு வேறு சட்டம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஸ்லிப் எழுத வேண்டும். எல்லாம் இங்கிலீஷ். தண்ணீர் மாற்றியது, சூடு எவ்வளவு, செத்த மீன் எத்தனை. செத்திருந்தால் காரணம் என்று நான்கு கட்டம். கரண்ட் போனது, வாடிக்கையாளர் புது மீன் விட்டது, ஃபில்டரை அணைத்தது, அதிகத் தீனி. நான்கும் வீட்டுப் பக்கத்துத் தப்பு. எங்கள் தப்புக்குக் கட்டமே கிடையாது. ஒன்றில் டிக் அடித்து வீட்டில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால், கடை வேறு மீன் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு தாள் ஆபீசுக்கு, ஒரு தாள் தொட்டிக்குக் கீழே அலமாரிக் கதவில் இருக்கிற பிளாஸ்டிக் உறைக்கு. மீன் செத்தால் எங்கள் கை தானாக ‘அதிகத் தீனி’க்குப் போகும். யோசிக்கவே மாட்டோம். வருடக்கணக்காக அதையே செய்த கை அது.

இனி அந்த வீடு.

வீட்டுக்காரர் கோயம்புத்தூர்க்காரர், எஞ்சினியர். மனைவி, ஒரு பெண் குழந்தை. ஹாலில் நானூறு லிட்டர் தொட்டி. அதில் டெட்ரா என்கிற சின்ன மீன் ஒரு கூட்டம், ஐந்து கிளவுன் லோச். லோச் என்பது ஆரஞ்சு உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட மீன். செதில் மிகச் சிறியது, இல்லாத மாதிரிதான். மகள் பிறந்த வருடம் வாங்கியவை. சாருக்கு அந்த ஐந்தும் உயிர்.

ஆனால் அவற்றுக்கு சாரைத் தெரியாது. புஷ்பத்தைத்தான் தெரியும். புஷ்பம் அந்த வீட்டில் வேலை செய்தவள், இலங்கையில் பண்டாரவளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்காரி. வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கித் தண்ணீருக்குள் பிடிப்பாள். ஐந்தும் வந்து விரலைச் சுற்றிக்கொண்டு கடிக்கும். கடிக்கும்போது ‘டக், டக்’ என்று சத்தம் வரும். லோச் சந்தோஷமாக இருந்தால் அப்படிச் சத்தம் போடும்.

“கேக்குதாண்ணே? ஏசுதுங்க என்னய. ‘ஏன்டி இவ்வளவு நேரம்’னு.”

“வெள்ளரிக்காய் உப்புக் காரம் இல்லாம இருக்குன்னு ஏசும்.”

“அப்ப நீங்க ஆக்கிக் குடுங்க. ரூம்ல நீங்கதானே பெரிய சமையல்காரன்.”

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. வாரம் ஒரு தடவை, பத்து வார்த்தை. கதவு திறந்தே இருக்கும். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் உட்காரக் கூடாது, எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்று கடையில் கண்டிப்பு. அவள் பால் இல்லாத பிளேன்டீ போட்டு வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நான் போகும்போது நின்றுகொண்டே குடித்துவிட்டு டம்ளரை அங்கேயே வைத்துவிட்டுப் போவேன்.

ஒரு தடவை அவளே சொன்னாள். “இந்த வீட்ட விட்டா இன்னொரு வீடு எனக்கு ஏலாதுண்ணே. முந்தி இருந்த வீட்டுல வாஷிங் மெஷின் பக்கத்துல பாய். போன வாங்கிப் பூட்டி வச்சிருவாங்க. இங்க எனக்கு ஜன்னல் இருக்கு, போன் இருக்கு, பாப்பா இருக்கு.”

ஜன்னல் இருக்கு என்று அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. சத்வாவில் எட்டுக் கட்டில் அறையில் நானும் ஜன்னல் இல்லாத பக்கத்தில்தான் பல வருடம் படுத்தேன்.

அந்த ஜூலையில் குடும்பம் கோயம்புத்தூர் போயிருந்தது. வீட்டில் புஷ்பம் மட்டும். அப்போது எங்கள் வேனில் இரண்டு வலை கிழிந்துபோய் ஒரே வலைதான் இருந்தது. புதுசு கேட்டால் ‘அடுத்த மாசம்’ என்றார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த வில்லாவுக்கு முந்தின வீடு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. யாரோ சந்தையில் வாங்கிய கப்பி மீன்களைத் தொட்டியில் விட்டிருந்தார்கள். மேலெல்லாம் வெள்ளைப்புள்ளி. செத்ததை வலையால் எடுத்துப் போட்டேன். வலையை வாளியில் எறிந்தேன். இருபது நிமிட ஓட்டம். வில்லாவில் தண்ணீர் மேல் ஒரு கிழட்டு டெட்ரா மிதந்தது. அதே ஈர வலையை உள்ளே விட்டேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். தெரியும். இன்னும் நான்கு வீடு பாக்கி இருந்தது. அதனால் செய்தேன்.

அடுத்த செவ்வாய் போனேன். இரண்டு டெட்ரா செத்துக் கிடந்தது. முதலில் ஸ்லிப்பை எடுத்தேன். மீனைப் பார்க்கவில்லை. செத்தது இரண்டு, காரணம் அதிகத் தீனி, டிக். புஷ்பத்திடம் நீட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஒன்பது வருடமாகப் போடுகிற மாதிரி தமிழில் ‘புஷ்பம்’ என்று எழுதினாள். ஒரு தாளை அலமாரிக் கதவு உறையில் செருகினேன். அதற்குப் பிறகுதான் அவள் சொன்னாள்.

“அண்ணே, இந்தப் பெரியவன் மேல என்னா அது? ரவை ஒட்டின மாதிரி.”

டார்ச் அடித்துப் பார்த்தேன். பெரிய லோச்சின் வாலிலும் முதுகிலும் ரவை மாதிரி வெள்ளை. மற்றது கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு ஓடியது.

கடைக்குப் போனதும் ரஃபீக் பாயிடம் சொன்னேன். அங்கே எண்ணுவதற்கு மீன் இல்லை. கடிகாரத்தைக் கழற்றவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தார்.

“முன்னாடி எந்த வீடு?”

சொன்னேன்.

“வலை?”

வாளியில் கிடந்த ஒரே வலையை எடுத்துக் காட்டினேன்.

“ஸ்லிப்ல என்ன எழுதின?”

“ஓவர் ஃபீடிங், பாய்.”

“சைன் யாரு?”

“வீட்டு வேலைக்கார அம்மா.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். “இன்னைக்கே சாஹப்புக்கு போன் போட்டுச் சொல்லு. மீன் நோயா இருக்கறப்போ உண்மையச் சொன்னா டாக்டர்னு நினைப்பாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் சொன்னா திருடன்னு நினைப்பாங்க.”

போன் போட்டேன். சார் கோயம்புத்தூரில் கல்யாண வீட்டில் இருந்தார். பின்னால் மேளச் சத்தம்.

“ஏப்பா, எதனால வந்துச்சு?”

“சம்மருங்க சார். தண்ணி சூடு ஏறி இறங்குனா வரும்.”

“என்ன வேணும்னாலும் பண்ணுப்பா. லோச் மட்டும் போயிரக் கூடாது. பாப்பா அழுதுருவா.”

“பாத்துக்கறேன் சார்.”

இவ்வளவுதான் பேசினேன். நாக்கு நுனியில் இருந்ததை விழுங்கினேன். அதற்குப் பிறகும் அந்த ஸ்லிப்பை மாற்றி எழுதவில்லை.

இனி வைத்தியத்தைச் சொல்கிறேன். அது மட்டும் நான் சரியாகச் செய்தேன்.

வெள்ளைப்புள்ளிப் பூச்சி மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. தின்று கொழுத்ததும் கீழே விழும். கல்லில் ஒட்டிக்கொண்டு ஒன்று பல நூறாக உடையும். அந்த நூறும் மீனைத் தேடி நீந்தும். நீந்துகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அதைக் கொல்ல முடியும். அதனால் மருந்தை ஒரே நாளில் கொட்டி ஒரு புண்ணியமும் இல்லை. பூச்சி விழும்வரை காத்திருக்க வேண்டும், விழுவதை அவசரப்படுத்தவும் வேண்டும். தண்ணீர் சூடானால் பூச்சி சீக்கிரம் விழும்.

இருபத்தாறு டிகிரியிலிருந்து முப்பதுக்கு ஏற்றினேன். ஒரேயடியாக இல்லை, அரை நாளைக்கு ஒரு டிகிரி. சூடான தண்ணீரில் காற்று நிற்காது. இரண்டு காற்றுக் குழாய் கூடுதலாகப் போட்டேன். ஃபில்டரில் கரி இருந்தால் மருந்தைக் குடித்துவிடும், அதை எடுத்தேன். லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு, வாளியில் கரைத்து இரண்டு நாளாகப் பிரித்து ஊற்றினேன். லோச் அதற்கு மேல் தாங்காது. வெள்ளைப்புள்ளிக்குப் போடுகிற பச்சை மருந்தும் அப்படித்தான், மற்ற மீனுக்குக் கொடுப்பதில் பாதி. தொட்டியைப் போர்வையால் மூடினேன். வெளிச்சம் பட்டால் மருந்து செத்துவிடும். தினமும் கல்லைக் குழாயால் உறிஞ்சி நூறு லிட்டர் மாற்றினேன். அந்தக் கல்லில்தான் எதிரி உட்கார்ந்திருக்கிறான்.

நூறு லிட்டர் தண்ணீர் துபாயில் ஜூலையில் சும்மா வராது. குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திறந்தால் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து கொதிநீர் வரும். அதனால் எல்லா வீட்டிலும் கோடையில் ஹீட்டரை அணைத்துவிட்டு, சிவப்புப் புள்ளி போட்ட குழாயைத் திறப்பார்கள். ஏசி அறைக்குள் இருக்கிற ஹீட்டர் டாங்கியில் தண்ணீர் ஆறியிருக்கும். அதிலும் ஒரு தடவைக்கு ஐம்பது லிட்டர்தான். புஷ்பம் முந்தின நாளே இரண்டு தவணையாகப் பிடித்து, டிரம்மில் ஊற்றி, காற்றுக் குழாய் போட்டு வைப்பாள். நான் கேட்காமலே செய்தாள். நான் போகும்போது தண்ணீர் தயாராக இருக்கும். டிரம் பக்கத்தில் ஒரு நோட்டு. அதில் தமிழில் எழுதியிருப்பாள். ‘காலை 7 - சூடு 30. மூணாவது லோச் கீழே படுத்திருக்கு. மூச்சு வேகம்.’

எனக்கு அந்த நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் அலமாரிக் கதவு உறுத்தும். ஒரு நாள் கேட்டாள்.

“இது எப்படிண்ணே வந்துச்சு? நா ஏதும் கூடப் போட்டுட்டனா?”

“இல்ல தங்கச்சி. தீனியால இது வராது.”

“அப்ப சரி. எனக்கு அதான் பயம்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கையை நீட்டி அந்தத் தாளை உருவிக் கிழித்திருக்கலாம். ஆபீசில் ஒரு தாள் இருக்கிறது, கிழித்தால் கேள்வி வரும் என்று யோசித்தேன். ஓய்வு பெற இரண்டு வருடம்தான் பாக்கி என்று யோசித்தேன். என்னைப் பற்றி மட்டும் யோசித்தேன்.

டெட்ராவில் இன்னும் ஐந்து போனது. ஆறாம் நாள் அந்த மூன்றாவது லோச் செத்தது. அவள் அதை டிஷ்யூவில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “சார்க்கிட்ட நீங்க சொல்லுங்கண்ணே, என்னால ஏலாது” என்றாள். சொன்னேன். பதினான்காம் நாள் கடைசிப் புள்ளியும் விழுந்தது. இன்னும் நான்கு நாள் விடாமல் மருந்து கொடுத்தேன். புள்ளி மறைந்ததும் நிறுத்துகிறவன் முட்டாள். பதினெட்டாம் நாள் போர்வையை எடுத்தோம். அவள் வெள்ளரிக்காய் வட்டத்தைத் தண்ணீருக்குள் பிடித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நான்கும் வந்தது. ‘டக்’ என்றது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் குடும்பம் திரும்பியது. நான் வழக்கமான சர்வீசுக்குப் போயிருந்தேன். மேடம் உப்புப் பை எங்கே என்று அலமாரியைத் திறந்தார். கதவு உறையிலிருந்த தாள்களை உருவிப் புரட்டினார்.

“ஏங்க, இதப் பாருங்க. ‘ஓவர் ஃபீடிங்’னு எழுதியிருக்கு.”

சார் வந்து பார்த்தார். “புஷ்பம், இங்க வா. இது உன் கையெழுத்துதானே?”

“ஆமா சார்.”

“அப்புறம் எங்கிட்ட போன்ல ‘அளவாத்தான் போட்டேன்’னு சொன்னே?”

“அளவாத்தான் சார் போட்டேன். அண்ணன் குடுத்த கரண்டியில ஒரு கரண்டி.” அவள் என்னைப் பார்த்தாள். “அண்ணே, சொல்லுங்களேன்.”

குழந்தை பக்கத்தில் நின்று இங்கிலீஷில் ஏதோ கேட்டது. ஒரு லோச் ஏன் இல்லை என்று கேட்டிருக்கும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணாடியைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தேன். “மீன் எல்லாம் இப்ப நல்லா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அன்றைக்கு வாசற்படியில் டீ இல்லை.

ஐந்து நாள் தாங்கினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. கடைச் சீருடையில் போனால் கடைக்காரன் பேசுகிற மாதிரி இருக்கும், மனிதனாகப் போய்ச் சொல்வோம் என்று நினைத்தேன். நல்ல சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அந்தச் சட்டை.

சார்தான் கதவைத் திறந்தார். உள்ளே கூப்பிடவில்லை. நின்றபடியே சொன்னேன். வலையைச் சொன்னேன், கப்பி வீட்டைச் சொன்னேன், டிக் அடித்ததைச் சொன்னேன். தப்பு முழுக்க என்னுடையது, புஷ்பத்தின் மேல் ஒன்றும் இல்லை என்றேன்.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு என் சட்டையைப் பார்த்தார்.

“ரெண்டு மாசமா இல்லாத நேர்மை இன்னைக்கு எங்கிருந்துப்பா வந்துச்சு?”

“சார்...”

“லீவு நாள்ல, குளிச்சு சட்டை மாத்திட்டு, ஒரு வேலைக்காரிக்காக வந்து நிக்கறே. எதுக்கு?”

“எதுக்கும் இல்லைங்க சார். உண்மையச் சொல்லத்தான்.”

மேடம் பின்னாலிருந்து சொன்னார். “வாசல் கேமரால நானே பாத்தேங்க. தினமும் வந்திருக்கான். தினமும் டீ. பதினெட்டு நாள்.”

“மருந்து போட வந்தேன்மா. சார்தான் என்ன வேணும்னாலும் பண்ணுன்னு...”

“போதும்” என்றார் சார். குரலை உயர்த்தவில்லை. “மீனுக்குத் தீனி கூடப் போட்டிருந்தா ஏசிட்டு விட்டிருப்பேன். இது வேற விஷயம். வீட்டுல பொம்பளப் புள்ள இருக்கு.”

உள்ளே சமையலறை வாசலில் புஷ்பம் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். அவள் தலையை இரண்டு தடவை ஆட்டினாள். பேசாதே என்று. நான் பேசப் பேச அவளுக்குக் கெடுதல் என்பது என்னைவிட முந்தி அவளுக்குப் புரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை அவளை வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அந்த வீட்டுக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கடைக்கு போன் வந்தது. ரஃபீக் பாய்க்கு விஷயம் தெரிந்ததும் அவரே வேனின் ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு சாரைப் பார்க்கப் போனார். எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு என்று அதில் இருந்தது. சார் பார்த்துவிட்டு, “நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும், அவ போயாச்சு” என்றாராம். திரும்பி வந்த ரஃபீக் பாய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று ஒரு நோய்த் தொட்டி வந்திருந்தது. கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார். நான் பின்னால் நின்றேன். எண்ணி முடித்து, எழுதி வைத்துவிட்டு, அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னிடம் ‘முன்னாடி எந்த வீடு’ என்று அவர் கேட்டதே இல்லை. மற்ற எல்லோரிடமும் கேட்டார்.

நான் ஏஜென்சிக்கு இரண்டு தடவை போன் செய்தேன். ‘மாஃபி, மாஃபி’, இல்லை இல்லை என்று வைத்துவிட்டார்கள். வேலை மட்டும் எனக்குப் போகவில்லை. அந்த இரண்டு வருடமும் முழுசாகப் பார்த்து, மாலை போட்டு, கேக் வெட்டி அனுப்பிவைத்தார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வில்லாவுக்கு என் பதிலாகப் போனவன் வந்து சொன்னான். புதிதாக வந்த பெண் மீனைத் தொட மாட்டாளாம். சார் மூன்று மாதத்தில் தொட்டியை மீனோடு ஒரு ஹோட்டல்காரருக்குக் கொடுத்துவிட்டார். ஹோட்டலில் ஏற்கெனவே பெரிய சிக்லிட் மீன்கள் கிடந்த தொட்டியில் இந்த நான்கையும் கொட்டினார்கள். சிக்லிட் முரட்டு மீன். இரண்டு நாள்கூட ஆகவில்லை.

பக்கத்து வில்லா டிரைவர் பதுளைக்காரர், புஷ்பத்தின் ஊர்ப் பக்கம். ஊருக்குத் திரும்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். புஷ்பம் ஊருக்குப் போய், மறுபடி விசா எடுத்து, இப்போது சவுதியில் தம்மாமில் ஒரு வீட்டில் இருக்கிறாள் என்றார். நம்பரும் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் சும்மா இருந்தேன். ஊருக்கு வந்த பிறகு, மனைவி செத்துக் காலியாகக் கிடக்கிற என் வீட்டில் உட்கார்ந்து, ஒரு நாள் மத்தியானம் கூப்பிட்டேன்.

எடுத்தாள். குரல் மெதுவாக வந்தது. பின்னால் வாஷிங் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

“யாரு?”

“நான்தான் தங்கச்சி. பிச்சைமுத்து. மீனு.”

கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“அண்ணே... நல்லா இருக்கீங்களா? இங்க போன் பேச விடமாட்டாங்க. இப்ப மேடம் தூக்கம். சொல்லுங்க.”

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனசுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அந்தத் தாளில் என்ன எழுதினேன், ஏன் எழுதினேன், அன்றைக்கு ஏன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன், எல்லாம் சொன்னேன். இனி யாரிடமும் ஒரு பொய்கூடச் சொல்வதில்லை என்று இருக்கிறேன் என்றும் சொன்னேன்.

“அது போகுதுண்ணே. அது எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றாள். “நா ஒன்னு கேக்கவா? அந்த நாலும் எப்படி இருக்குங்க? இங்க ராவுல படுத்தா அதுங்க சத்தந்தான் ஞாபகம் வருது. பெரியவன் இன்னும் வெள்ளரிக்கா திங்கிறானா?”

பொய் சொல்வதில்லை என்று சொல்லி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

சொன்னேன். தொட்டியைக் கொடுத்ததை, ஹோட்டலை, சிக்லிட்டை, இரண்டு நாளை. ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

மெஷின் ஓடி நின்றது.

“இத நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்ணே” என்றாள். வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.